சத்தம் நின்ற இரண்டு நாள்

முடிச்சு அவிழ மாட்டேன் என்று அடம் பிடித்தது.

ரேடியோ நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துக் குத்தியும் பார்த்தாள். சணல் நூல் அசைந்து கொடுக்கவில்லை. நாலு விரல் தடிமனுக்கு ஒரு காகிதக் கட்டு. நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, நடுவில் மிளகு அளவுக்கு ஒரு முடிச்சு. நூலின் நுனி எங்கே போய் ஒளிந்துகொண்டது என்றே தெரியவில்லை.

"இதை அவிழ்க்கறதுக்குள்ள குற்றவாளிக்கு முடியெல்லாம் கொட்டிடும் சார். அப்புறம் அடையாள அணிவகுப்புல யாரை நிறுத்தறது?"

மீட்டர் சிரிக்கவில்லை. அவர் சிரித்துப் பதினோரு மாதம் ஆகிறது. மனைவி போனதிலிருந்து அவருக்கு எதுவும் உள்ளே இறங்குவதில்லை. சாப்பாடும் அப்படித்தான், ரேடியோவின் ஜோக்கும் அப்படித்தான். ஆனாலும் அவள் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் இந்த மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

மீட்டர் என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. குடிநீர் இலாகாவில் பதினெட்டு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதியவர். வேலையை விட்டபோது பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மனிதர்களுக்கு முன்னால் குழாய்களைத்தான் பார்ப்பார். குழாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவர் கட்சி. துப்பறியும் ஆபீஸ் என்று ஒற்றை அறையில் அவர் போர்டு மாட்டிய அன்றைக்கே வந்து ஒட்டிக்கொண்டவள் ரேடியோ. நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், அணைப்பதற்குப் பொத்தான் இல்லாத வாய்.

எதிரே, தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவன் கையை நீட்டினான். ரேடியோ கட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரலால் எங்கோ ஓர் அழுத்து, சுண்டுவிரலால் ஓர் இழுப்பு. நூல் மேஜைமேல் விழுந்தது.

பார்சல் ஆபீஸில் அப்படித்தான் கட்டுவார்களாம். முடிச்சுக்கு மூன்று சுற்று, ஒரு இழுப்பு, நுனியை உள்ளே திணித்துவிட வேண்டும். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஓடுகிற பெல்ட்டில் மாட்டி மூட்டை கிழிந்துவிடும். பதினாறு வருடப் பழக்கம் என்றான். ஏற்ற இறக்கமில்லாத, பஸ் நேரம் சொல்கிற குரல்.

தெருவில் அவனைப் பார்சல்காரன் என்றுதான் சொல்வார்கள். வயது முப்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் அவனும்தான். இருபத்து மூன்று நாளுக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, பின்வாசல் படியில் அம்மா வழுக்கி விழுந்தார். தலை கீழ்ப்படியில் மோதியது. இவன் அப்போதுதான் முன்வாசல் வழியாக வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். போன் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது.

கட்டுக்குள் போலீஸ் அறிக்கை, டாக்டர் சான்றிதழ், படியின் போட்டோக்கள், அவன் எழுதிக் கொடுத்த ஆறு புகார்கள். எல்லாப் புகாரிலும் ஒரே ஆள்தான் குற்றவாளி. பிளம்பர்.

கதை இவ்வளவுதான். அந்த வாரம் திங்கட்கிழமை மேல் தொட்டியின் ஓவர்ஃப்ளோ பைப்பிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. எட்டு வருடமாக அந்த வீட்டுக்கு வருகிற பிளம்பர் வந்தார். தொட்டி நிரம்பியதும் தண்ணீரை அடைக்க வேண்டிய மிதவை வால்வு தேய்ந்துபோயிருந்தது. அந்த அளவு வால்வு கடையில் இல்லை, வெள்ளிக்கிழமை கொண்டுவந்து மாட்டுகிறேன், அதுவரை கொஞ்சம் சொட்டும் என்று சொல்லி, கொட்டுவதைச் சொட்டுகிற அளவுக்குக் குறைத்துவிட்டுப் போனார். வியாழன் காலை படி நனைந்திருந்தது, அம்மா விழுந்தார். அரைகுறையாக வேலை பார்த்து ஓர் உயிரை வாங்கிவிட்டான் என்பது புகார். இன்ஸ்பெக்டரோ, உருப்படியாக ஓர் ஆதாரம் கொண்டு வா, நாளைக் காலை வழக்குப் போடுகிறேன், இல்லாவிட்டால் கோப்பை மூடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்காகத்தான் மீட்டரைத் தேடிப் பிடித்திருந்தான்.

"அவன் உள்ள போகணும் சார்," என்றான் பார்சல்காரன். "அது ஒண்ணு நடந்தா போதும். அப்புறம் நான் எப்படியோ போறேன்."

மீட்டர் அவன் முகத்தைப் பார்த்தார். அதில் அழுகை இல்லை, கோபம்கூட இல்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. ஊன்றி எழும்போதுதான் அந்தக் கால் என்ன பாடு படுத்தும் என்பது மீட்டருக்குத் தெரியும். அவரே இன்னும் எழுந்திருக்கவில்லை.

பின்வாசலைப் பார்க்க வேண்டும் என்றார். பார்சல்காரன் சாவியை மேஜைமேல் வைத்தான். அம்மா போன அன்றைக்குப் பூட்டிய கதவாம். தான் வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

பூட்டு துருவேறி முரண்டு பிடித்தது. கதவைத் திறந்ததும் முதலில் வந்தது சத்தம்.

டொக்.

ஐந்து படி. பளபளவென்று பாலிஷ் போட்ட கல். படிக்கு இடதுபக்கம் இரும்புக் கைப்பிடிக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம், துணி துவைக்கிற இடத்துக்கு மேல் தாழ்வாக ஒரு தகரக் கூரை. தலைக்கு மேலே, குளியலறை மொட்டை மாடியில் தொட்டி. அதன் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஓவர்ஃப்ளோ பைப்; அதன் வாய் இடதுபக்கம், தகரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

டொக். மூன்று எண்ணுவதற்குள் இன்னொரு டொக்.

"இதைக் கேட்டுக்கிட்டு இருந்தா நானே யாரையாவது கொன்னுடுவேன்," என்றாள் ரேடியோ. "ஏணி வேணுமா சார்? நீங்க ஏறுங்க, நான் ஆம்புலன்ஸ் நம்பரைக் கையில..." என்று ஆரம்பித்து, நிற்கிற இடம் நினைவுக்கு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மீட்டர் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மூன்றாவது படியைத் தடவினார். விரலில் தூசி ஒட்டியது. போலீஸ் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போட்டோவில் அதே படி கண்ணாடி மாதிரி நனைந்திருந்தது.

"ரேடியோ, இந்தத் தண்ணி எத்தனை நாளா சொட்டுது?"

"வால்வைத்தான் யாரும் மாத்தலையே. இருபத்தாறு நாளா."

"படியில ஒரு துளி இருக்கா?"

அவள் குனிந்து பார்த்தாள். இல்லை. சொட்டுவது அத்தனையும் தகரத்தில் விழுந்து, தகரத்தின் சரிவில் ஓடி, அந்தப் பக்கச் சாக்கடைக்குள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. படிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

காலையில் அவர்கள் பிளம்பரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். மனுஷன் வீட்டு வாசலில் கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாக யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. விசாரணை என்று தினமும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். உங்க அப்பா ஒரு பாட்டியைக் கொன்னுட்டாராமே என்று பள்ளிக்கூடத்தில் மகளைக் கேட்டார்களாம். அதைச் சொல்லும்போதுகூட அவர் குரல் ஏறவில்லை. பைப்பின் வாயைத் தகரத்தின் பக்கம் திருப்பி வைத்ததே படி நனையக் கூடாது என்றுதான், சத்தம் வரும், நாலு நாள் பொறுத்துக்கோங்க என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றார்.

"ஓவர்ஃப்ளோ பைப்போட வேலையே தொந்தரவு பண்றதுதான் சார்," என்று கடைசியில் சொன்னார். "அது தொந்தரவு பண்ணலேன்னா யாருமே வால்வை மாத்த மாட்டாங்க."

அப்போது அது வெறும் பேச்சாகத்தான் பட்டது. இப்போது, காய்ந்த படியில் உட்கார்ந்து யோசித்தபோது, மீட்டருக்கு அது உறுத்தியது. பிளம்பர் சொன்னது நிஜமென்றால் படி எப்படி நனைந்தது? அவர் பொய் சொல்கிறார், பைப்பைப் பிறகு வந்து திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றால், பூட்டிய கதவைத் தாண்டி எப்படி வந்தார்?

"சுவரேறிக் குதிச்சிருப்பாரோ?" என்றாள் ரேடியோ.

"குதிச்சிருந்தா பக்கத்து வீட்டுல கேட்டிருக்கும்."

பக்கத்து வீட்டில் எல்லாமே கேட்டிருந்தது. அங்கே இருந்தவர் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா. வயது அறுபத்தைந்துக்கு மேல், கண்ணில் தடித்த கண்ணாடி, ஆனால் காது இருக்கிறதே, அதை ஆபீஸில் பிரேம் போட்டு மாட்டியிருக்க வேண்டும். அந்த வியாழக்கிழமை விழுந்த சத்தம் கேட்டு முதலில் ஓடியதும், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் இவர்தான். முப்பது வருடம் ஓர் அறையில் பன்னிரண்டு மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து, எந்த மெஷினில் யார் தப்பாக அடிக்கிறாள் என்று சத்தத்திலேயே கண்டுபிடித்தவராம். குதிப்பாவது! இந்த மூன்று வாரத்தில் பூனைகூட அந்தச் சுவரைத் தாண்டவில்லை என்று அடித்துச் சொன்னார்.

சொட்டுகிற சத்தத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் கோபமாகிவிட்டார். நிமிஷத்துக்குப் பதினெட்டு. திங்கட்கிழமை ராத்திரி பூராவும் எண்ணியிருக்கிறார். அந்த வீட்டம்மாவும் தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை சுவருக்கு மேலே தலையை நீட்டி, மண்டைக்குள்ள அடிக்கற மாதிரி இருக்கு என்று புலம்பியிருக்கிறார்.

"அப்புறம் செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நின்னுடுச்சு," என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

மீட்டர் நிமிர்ந்தார். "எது நின்னுச்சு?"

"சத்தம்தான். புதன்கிழமை முழுக்க இல்ல. சரி, பிளம்பர் வந்து மாத்திட்டார் போலன்னு நிம்மதியா இருந்தேன். வியாழக்கிழமை அவளைத் தூக்கிட்டுப் போனாங்க பாருங்க, அதுக்கப்புறம் திரும்ப ஆரம்பிச்சுது. இன்னும் நிக்கல."

தூக்கிக்கொண்டு போனபோது வேறு ஏதாவது கவனித்தாரா என்று மீட்டர் கேட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் அவசரத்தில் ஸ்ட்ரெச்சரைக் கைப்பிடிக் கம்பிக்கு மேலே தூக்கினார்களாம். அங்கே குறுக்கே ஏதோ துணி காயப்போடுகிற கொடி மாட்டியதாம். ஒருத்தர் கத்திரியால் நறுக்கிவிட்டாராம். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ரேடியோ பரபரத்தாள். யாரோ செவ்வாய்க்கிழமை வந்து வால்வைச் சரி செய்துவிட்டு, வியாழக்கிழமை மறுபடி கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அவள் கணக்கு. மீட்டர் தலையை ஆட்டினார். பிளம்பர் குறைத்து வைத்த அதே வால்வுதான் இன்றைக்கும் அதே நிமிஷத்துக்குப் பதினெட்டு சொட்டுகிறது. தேய்ந்த வால்வு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வியாழக்கிழமை வேலைக்குத் திரும்பாது.

"தண்ணி நிக்கல, ரேடியோ. சத்தம் மட்டும்தான் நின்னிருக்கு."

"அதெப்படி சார் தண்ணி போகும், சத்தம் வராது? எங்க வீட்டுக்காரர் குளிக்கற மாதிரியா?"

மீட்டர் படியோரம் நின்று அண்ணாந்து பார்த்தார். போலீஸ், உறவுக்காரர்கள், போட்டோ எடுத்தவர் என்று அத்தனை பேரும் படியைத்தான் பார்த்தார்கள். விழுந்த இடத்தைப் பார்ப்பதற்குத்தான் எல்லோருக்கும் கண் இருக்கிறது. ஒருத்தராவது தலையைத் தூக்கினார்களா என்றால் இல்லை.

பைப்பின் வாய்க்குக் கீழே, நாலு விரல் நீளத்துக்கு ஏதோ கருப்பாகத் தொங்கியது. சொட்டு அதன் நுனியிலிருந்துதான் விழுந்தது.

வீட்டிலிருந்த மர ஏணியைச் சாத்தி ஏறினார். சணல் நூல். ஊறி ஊறிக் கறுத்திருந்தது. பைப்பின் வாயைச் சுற்றிக் கட்டி, கீழே தொங்கவிட்டிருந்தார்கள். நுனி நேராக நறுக்கப்பட்டிருந்தது. இறங்கி வந்து கைப்பிடிக் கம்பியின் மேல்முனையைத் துழாவினார். அங்கேயும் அதே நூல், அதே மாதிரி நறுக்கிய நுனி.

கொடியாவது ஒன்றாவது. பைப்பின் வாயிலிருந்து கம்பிக்குச் சாய்வாக ஒரு நூல். சொட்டு தகரத்தில் விழுவதற்குப் பதிலாக நூலைப் பிடித்துக்கொண்டு ஓசைப்படாமல் இறங்கும். கம்பிக்கு வரும். கம்பியின் அடிப்பக்கமாக ஊர்ந்து போகும். மூன்றாவது படியில் கம்பியைத் தாங்குகிற கால் ஊன்றியிருக்கிறது. அதன் வழியாக அங்கே இறங்கும். சொட்டுச் சொட்டாக, ஒன்றரை நாள், பாலிஷ் போட்ட கல்லின் மேல்.

மீட்டருக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சுக்குள் ஏதோ சுறுசுறுவென்று ஓடியது. பிளம்பர் தப்பித்தார், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டார். அதற்காகப் பிற்பாடு தன்னைத் தானே திட்டிக்கொள்ளப் போகிறார் என்பது அப்போது தெரியவில்லை.

"யாரோ புத்திசாலி கட்டியிருக்கான்," என்றார். "பிளம்பர் இல்ல. அவங்க கட்டினா கட்டுக்கம்பியாலதான் கட்டுவாங்க. இது வேற யாரோ."

ரேடியோவிடமிருந்து பதில் வரவில்லை. இது நடக்காத காரியம் என்பதால் அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கைப்பிடிக் கம்பியருகே குனிந்து, அந்த முடிச்சின் மேல் ஒரு விரலை வைத்திருந்தாள். மிளகு அளவு முடிச்சு. மூன்று சுற்று. நுனி உள்ளே திணித்திருந்தது.

"சார்," என்றாள் மெதுவாக. "இந்த முடிச்சோட நான் பத்து நிமிஷம் மல்லுக்கட்டினேன் சார்."

டொக், என்றது தகரம்.

ரெண்டு பேரும் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். வேறு யாரும் கட்டியிருக்க முடியாது. அம்மா தூங்கவில்லை. மகன் செவ்வாய்க்கிழமை வேலையிலிருந்து வந்ததும் அம்மா புலம்பியிருப்பார். பார்சல்காரன் கைக்கு என்ன தெரியும்? ஒன்றைக் கட்டத்தான் தெரியும். பையிலிருந்த சணலை எடுத்து ரெண்டு நிமிஷத்தில் சத்தத்தைக் கட்டிப் போட்டுவிட்டான். தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்கவில்லை. மறுநாளும் முன்வாசல் வழியாகத்தான் போனான், வந்தான்.

ரேடியோவுக்குக் கண் கலங்கியிருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டாள். நூலை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் இன்ஸ்பெக்டர் நாளைக்குக் கோப்பை மூடிவிடுவார். பிளம்பர் ஜெயிலுக்குப் போக மாட்டார். இவனுக்கும் தெரியாமலே போய்விடும்.

"அந்த ஆளு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கறதே பிளம்பர் மேல இருக்கற ஆத்திரத்துலதான் சார். அதையும் பிடுங்கிட்டா என்ன மிச்சம் இருக்கும்?"

மீட்டருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கோப்பை மூடினால் பிளம்பர் பேர் மூடாது. மூன்று வாரமாகக் கூப்பிடாத தெரு நாளைக்கு மட்டும் கூப்பிடுமா? அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் கேட்டவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். இவனும் இந்தப் பின்கதவைப் பூட்டிக்கொண்டு, இல்லாத ஒரு கொலைகாரனை நினைத்தே கிழவனாவான். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

உள்ளே பார்சல்காரன் வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். மீட்டர் காகிதங்களை அடுக்கி, மேஜைமேல் கிடந்த நூலோடு அவன் முன்னால் தள்ளினார். "இதைக் கொஞ்சம் கட்டிக் கொடுங்க தம்பி."

அவன் கட்டினான். மூன்று சுற்று, ஒரு இழுப்பு, நுனி உள்ளே. கை தானாகச் செய்தது. முடித்து நிமிர்ந்தபோது, மீட்டர் கம்பியிலிருந்து முடிச்சு கலையாமல் உருவி எடுத்த கறுத்த நூலை அந்தக் கட்டின் பக்கத்தில் வைத்தார்.

பார்சல்காரன் ஒன்றைப் பார்த்தான். பிறகு மற்றதைப் பார்த்தான். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்கதவு திறந்தே கிடந்தது. அங்கிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. பதினெட்டு விழுந்திருக்கும், அதற்கு மேலும் விழுந்திருக்கும். ரேடியோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"புதன்கிழமை காலையில," என்றான் அவன். அதே பஸ் நேரக் குரல். "அம்மா எனக்கு டீ கொடுத்தாங்க. ராத்திரி நல்லா தூங்கினேன்டான்னு சொன்னாங்க."

மீட்டர் அவன் தோளில் கை வைத்தார். எலும்பு மட்டும்தான் தட்டுப்பட்டது. வேண்டுமென்று செய்யவில்லையே என்றார். அம்மா தூங்கத்தானே என்றார். பதினோரு மாதத்துக்கு முன்னால் தன்னிடம் வந்து எல்லோரும் இதே மாதிரி என்னவோ சொன்னார்கள், ஒன்றுகூடக் காதில் ஏறவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். கையை மட்டும் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே போனை எடுத்தான். இன்ஸ்பெக்டரிடம் மூன்றே வார்த்தை பேசினான்: கட்டினது நான்தான் சார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். நாளைக்கு நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டான். பிறகு அவன் விரல் இன்னொரு எண்ணைத் தேடியது. எட்டு வருடமாக அவன் போனில் இருக்கிற எண்.

"அண்ணே," என்றான். அதற்கப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல் போனைக் காதில் வைத்தபடியே நின்றான். மீட்டர் வாங்கிப் பேசினார்.

பிளம்பர் அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். பழைய தோல் பை, துவைத்து மடித்து வைத்திருந்த சட்டை. நடந்ததையெல்லாம் வாசலிலேயே மீட்டர் சொன்னார். திட்டுவார், அழுவார், குறைந்தபட்சம் காறித் துப்பிவிட்டுப் போவார் என்று ரேடியோ தயாராக நின்றாள். அவர் எதுவும் செய்யவில்லை. பையைத் திறந்து செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒரு பொட்டலத்தை எடுத்தார். புது மிதவை வால்வு. அந்த வெள்ளிக்கிழமைக்காக வாங்கியது. திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லையாம்.

ஏணி ஆடியது. யாராவது பிடிக்க வேண்டும். மீட்டர் நகரும் முன்பே பார்சல்காரன் எழுந்தான். இருபத்து மூன்று நாளில் முதல் தடவையாகப் பின்வாசலைத் தாண்டினான். மூன்றாவது படி வந்ததும் நின்றான். அதில் கால் வைக்காமல் நாலாவதில் இறங்கி, ஏணியின் ரெண்டு கால்களையும் பிடித்துக்கொண்டான்.

பிளம்பர் மேலே போய்த் தண்ணீர் வரும் குழாயை அடைத்தார். பழைய வால்வைக் கழற்றினார். புதியதன் திருகு மரையில் டேப்பைச் சுற்றி மாட்டி இறுக்கினார். மிதவைப் பந்தை ஒரு தடவை அமுக்கி விட்டுப் பார்த்தார். பைப்பின் வாயில் மிச்சமிருந்த நூலை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், கீழே போடவில்லை. குழாயைத் திறந்தார். தொட்டியில் தண்ணீர் ஏறுகிற ஓசை கேட்டது. பந்து மேலே வந்தது. ஓவர்ஃப்ளோ மட்டத்துக்கு ரெண்டு விரல் கீழேயே தண்ணீர் நின்றது.

தகரத்தில் கடைசியாக ஒரு சொட்டு விழுந்தது. அடுத்ததற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டைப்பிஸ்ட் அம்மாவும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

"நின்னுடுச்சு தம்பி," என்றார் பிளம்பர் மேலேயிருந்து.

பார்சல்காரன் ஏணியை விடவில்லை. அவன் பிடியில் ஏணி நடுங்கியது. ரேடியோ ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தாள். அவன் முகத்தைத் தூக்கிப் பிளம்பரைப் பார்த்தான். உடைந்துபோன குரலில், அந்த மூன்று வாரத்தில் ஒரு தடவைகூட வராத குரலில் கேட்டான்.

"அண்ணே, தண்ணி நின்னுச்சா, சத்தம் மட்டும்தான் நின்னுச்சா?"

பிளம்பர் பைப்பின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். விரலை வெளியே எடுத்து, அவனுக்குத் தெரிகிற மாதிரி கீழே நீட்டிக் காட்டினார்.

"ரெண்டும் நின்னுடுச்சுப்பா. நீ அழு."